மாமனாரின் அப்பா மேடையேறிய கதை

நாடகத்தைப் பாதியில் விட்டுப் போகிறவன் உருப்பட மாட்டான். இது என் சொந்த ஆராய்ச்சி. அதற்கு எலியும் நானே.

துபாயில் எங்கள் மேனேஜர் பேட்ரிக் அயர்லாந்துக்காரர். அவரே எழுதி நடித்த நாடகத்துக்கு மேடைச் சாமான்கள் என் பொறுப்பு. தேர்தலில் நிற்கும் ஒருவன், இங்கிலீஷ்காரனை எதிர்த்த தன் தாத்தாவின் பெருமையைச் சொல்லியே ஓட்டுக் கேட்கிறான். சுவரில் இருக்கும் தாத்தா படத்துக்குச் சல்யூட் அடிக்கிறான். இடைவேளைவரை இதுதான் கதை. மிச்சம் எனக்குத் தெரியாது. ஷார்ஜா ரோடு அடைத்துக்கொள்ளும் முன் வீடு சேர, ஒத்திகையில் தினமும் இடைவேளையோடு கழன்றுகொள்வேன்.

நாடகத்தன்று காரில் அந்தப் படத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். (என் எடை இங்கே தேவையில்லாத விவரம்.) கண்ணாடி, சட்டம், தாத்தா எல்லாம் போச்சு.

"மீசை வைத்த எந்தக் கிழவராக இருந்தாலும் சரி, யல்லா, சீக்கிரம்!" என்றார் பேட்ரிக் போனில்.

அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். விசிட் விசாவில் வந்த மாமனார், துணிமணிக்கு முன்னால் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அவருடைய அப்பா. சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன தியாகி. அவர் படத்துக்குப் பூ வைக்காமல் மாமனாருக்குக் காபி இறங்காது. மாமனாரின் மத்தியானத் தூக்கத்தில் குங்குமத்தைத் துடைத்து, தியாகியை டவலில் சுற்றிக் கடத்தினேன். சல்யூட்தானே அடிக்கப் போகிறார்கள்!

திரை விலகியதும் பார்த்தால், முதல் வரிசையில் என் மனைவி. பக்கத்தில் பட்டு வேட்டியில் மாமனார்.

இடைவேளையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "மாப்ள, வெள்ளைக்காரன் எங்கப்பாவுக்கு சல்யூட் அடிக்கிறான். எனக்கு இது போதும்."

"எல்லாம் உங்களுக்காகத்தான் மாமா" என்றேன், கூசாமல்.

இரண்டாம் பாதியில் ஒரு பழைய கடிதம் கிடைக்கிறது. தாத்தா வீரரே இல்லை. இங்கிலீஷ்காரனிடம் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவர்! "துரோகி!" என்று பேட்ரிக் போட்ட கத்தலில் அரங்கமே மூச்சை நிறுத்தியது. எப்பேர்ப்பட்ட நடிகர்! வாய் பிளந்து நின்றேன். படத்தை அடிக்க அவர் ஷூவைக் கழற்றினார். அடி விழப்போவது என் மாமனாரின் அப்பாவுக்கு!

மாமனார் எழுந்தார். அவசரமே இல்லாமல் மேடையேறினார். படத்தை இறக்கித் துண்டால் துடைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"திஸ் இஸ் மை ஃபாதர்."

எந்த ராஜாவும் அப்படி நின்றிருக்க மாட்டான். பேட்ரிக் ஷூவை மெல்லக் கீழே வைத்தார். நாடகத்தை விடாமல், "அப்படியானால் என் வீட்டுச் சுவரில் என்ன செய்கிறார், ஐயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாமனாரின் விரல் திரைமறைவில் இருந்த என் பக்கம் நீண்டது. "ஆஸ்க் மை சன்-இன்-லா."

அதுவும் நாடகம்தான் என்று நினைத்து அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. அன்று உண்மையிலேயே காட்டிக்கொடுக்கப்பட்டவன் நான்தான்.

திரும்பும்போது காரில் தியாகி மாமனார் மடியில். ஷார்ஜாவில் எங்கள் ரோலா பக்கம் வந்ததும் செருமினார்.

"மாப்ள, அந்த மனுசன் நடிச்சதப் பாத்ததுலேர்ந்து மனசு கேக்கல. எங்கப்பா ஜெயிலுக்குப் போனது நெசம். ஆனா, ரயில்ல டிக்கெட் எடுக்காமப் போயி மாட்டினாரு. உள்ள தியாகிங்களோட போட்டுட்டான். வெளிய வந்ததும் ஊரு ஒரே மாலையா போட்டுருச்சு."

"அப்பா!" என்றாள் மனைவி. அதன்பின் வீடு வரும்வரை மூவரும் சிரித்தோம்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பெருமையடித்தால், "டிக்கெட் எடுத்தியா?" என்று முதலில் கேட்பவர் மாமனார்தான். படத்துக்குப் பூ மட்டும் நிற்கவில்லை. இப்போது நானும் வைக்கிறேன். டிக்கெட்டே இல்லாமல் ஒரு நாடகத்தின் முடிவையே மாற்றியவர் அல்லவா!