பழசிடம் தோற்ற புது லப்டொப்

எண்களை நம்பி வாழ்கிறவள் நான். படித்தது கணினிப் பொறியியல். பழகியது எதையும் நிரைப்படுத்தி எழுதிவைப்பது. சந்தைக்குப் போனால்கூட, கடைகள் இருக்கும் ஒழுங்கிலேயே மரக்கறிகளை எழுதிக்கொண்டுதான் போவேன். (அம்மா ஒன்றும் எழுதாமல் போய், எல்லாவற்றையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு என்னைவிட முந்தி வீட்டுக்கு வந்துவிடுவார். அதை இங்கே கதைக்க வேண்டாம்.) அப்படிப்பட்ட என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு கிழட்டு லப்டொப் தோற்கடித்தது. மற்றவர்களுக்கு இப்படிப்பட்ட சம்பவங்களை நினைத்தால் வெட்கம் வருமாம். எனக்கு இன்றுவரை கோபம்தான் வருகிறது.

முதலில் போட்டியாளர்கள்.

பழையது, நான் பல்கலைக்கழகம் போகும்போது வாங்கியது. அதன் புரோசசர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கொடுத்தால் ஒன்றைச் செய்துகொண்டு மற்றதை முறைத்துப் பார்க்கும். கிரபிக்ஸுக்கென்று தனிக் கார்ட் கிடையாது. புரோசசர் வீட்டுத் திண்ணைக்காரன் போல அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பிழைக்கும் ஒரு சின்ன விஷயம்தான் இருந்தது. மூடியின் பிணைச்சல் உடைந்திருந்ததால் பின்னால் ஒரு பால்மாத் தகரப் பேணியை முட்டுக்கொடுத்தால்தான் திரை நிமிர்ந்து நிற்கும். நான் புதியது வாங்கியதும் படம் பார்ப்பதற்கென்று ஜூட் அண்ணா இதை எடுத்துக்கொண்டு, ‘கிழவன்’ என்று பெயரும் வைத்தான்.

புதியதோ எட்டு உள்ளகங்கள், அதாவது எட்டு மூளைகள், கொண்ட புரோசசர், தனிக் கிரபிக்ஸ் கார்ட், அந்தக் கார்டுக்கென்றே தனி நினைவகம், இரண்டு விசிறிகள். வாங்கி வந்த அன்றே இரண்டையும் ஒரே சோதனையில் ஓடவிட்டுப் பார்த்தேன். புரோசசர் வேலையில் புதியது மூன்று மடங்குக்கு மேல். கிரபிக்ஸில் எத்தனை மடங்கு என்று சொல்வதே பழையதற்கு மரியாதைக் குறைவு. அது ஓர் அறையைத் திரையில் படமாகத் தீட்டி முடிப்பதற்குள் புதியது வீடு முழுவதையும் கூரையோடு தீட்டிவிட்டு ஓய்ந்திருந்தது. இதையெல்லாம் அட்டவணையாக்கி, அச்சடித்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அடுத்த நாள் அம்மா அதன்மேல் மாதா படம் போட்ட கலண்டரைக் கொழுவிவிட்டார்.

எனக்கு இந்த வேகம் ஏன் தேவைப்பட்டது என்று சொல்லவேண்டும். கட்டப்போகும் வீட்டை அத்திவாரம் வெட்டும் முன்பே திரையில் கட்டி, படலையால் நுழைந்து அறை அறையாக நடந்து பார்ப்பதுபோல் காட்டுவதுதான் நான் தொடங்க நினைத்த தொழில். எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிற முக்கால்வாசிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்கள் அங்கிருந்தே பார்த்து ‘ஓம்’ சொல்ல இது வசதி. முதல் வாடிக்கையாளராக வர இருந்தவர் பேசாலை றீற்றா அன்ரி. அந்த வேலை கிடைத்தால் நான் வீட்டிலிருந்தே தொழில் செய்யலாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையே கொழும்புக்கு ஓம் என்று சொல்லவேண்டும். அங்கே ஒரு கம்பனியில், தொலைபேசியில் ஏசுகிறவர்களிடம் நாள் முழுவதும் ‘மன்னிக்கவும்’ சொல்லும் உத்தியோகத்தைச் சித்தி எனக்காகக் கதைத்து வைத்திருந்தார். இந்த ஒப்பந்தம் அம்மாவுக்கும் எனக்கும் இடையில் செய்யப்பட்டது. நான் சிரித்துக்கொண்டே சம்மதித்தேன். என்னிடம்தான் அட்டவணை இருந்ததே.

போட்டி என்ற யோசனை அண்ணாவுடையது.

“புதுசு புதுசு எண்டு சும்மா கதைக்காதை. ரெண்டையும் ஒரே மேசையில வச்சு அன்ரிக்கு முன்னால ஓட்டிக் காட்டு. கிழவன் வெண்டானெண்டா?”

“வெல்லாது.”

“வெண்டானெண்டா?”

“அண்ணா, மாட்டு வண்டிலும் மோட்டார் சைக்கிளும் போட்டிக்கு ஓடுறதில்லை.”

“எங்கட ரோட்டில ஓடிப் பாத்தனியோ?”

அந்த இடத்தில் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் ஒப்பீடு என்ற சொல்லைக் கேட்டால் எனக்குள் இருக்கும் விஞ்ஞானி விழித்துவிடுவாள். ஒரே கோப்பு, ஒரே அமைப்பு, ஒரே மேசை, ஒரே மின்சாரம், ஒரே நேரத்தில் தொடக்கம் என்று விதிகள் வகுத்தேன். ஞாயிறுவரை புதியதை அண்ணா தொடக்கூடாது என்பதையும் சேர்த்தேன். அண்ணாவும் கர்த்தர்மேல் ஆணையாகத் தொடவில்லை. அதை நான் இப்போதும் ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் அப்பா மட்டும் வந்து புதியதைக் குனிந்து பார்த்துவிட்டு, “உப்புக்காத்து உதைத் தின்னாதோ பிள்ளை?” என்று கேட்டார். அப்பா கடற்றொழில் செய்கிறவர். எங்கள் மன்னார்த் தீவில் உப்புக்காற்று தின்னாத பொருளை அவர் கண்டதில்லை. உலோகங்கள், பூச்சுகள், அரிப்பு என்று நான் நீண்ட விளக்கம் கொடுத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு நான் பாட்டுப் பயிற்சிக்காகக் கோவிலுக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை றீற்றா அன்ரி பூசைச் சேலையோடேயே வந்து இறங்கினார். கையில் குடை, மறுகையில் தொலைபேசி. தொலைபேசிக்குள் கனடாவிலிருந்து மூத்த மகன், அங்கே இரவு என்பதால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

“மகன் லைன்ல நிக்கிறான். கெதியாக் காட்டு பிள்ளை. முந்தி ஒருத்தன் படம் கீறித் தாறன் எண்டு சொல்லி, குசினியை மாத்தச் சொன்னால் கிழமைக் கணக்கா ஆளைக் காணக் கிடைக்கேல்லை. எனக்கு மாத்தச் சொன்னா உடன மாத்திக் காட்டோணும்.”

“அன்ரி, புதுசில நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முன்னம் முடிஞ்சிடும். பழசெண்டால் தேத்தண்ணியும் குடிச்சு, மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டுத்தான் போகலாம்.”

(இதை நான் சொன்ன தோரணையை அண்ணா இன்றும் நடித்துக் காட்டுவான். நாடியை நான் அவ்வளவு உயரத்துக்கு நிமிர்த்தவில்லை என்பது என் வாதம்.)

சமைக்கும்போது கடல் தெரியட்டும் என்று அன்ரி குசினி யன்னலைக் கடற்கரைப் பக்கம் மாற்றச் சொன்னார். இரண்டிலும் மாற்றினேன். படலையிலிருந்து குசினிவரை நடந்துபோகும் காட்சியை இரண்டும் தீட்ட வேண்டும். மூன்று எண்ணி, நான் புதியதையும் அண்ணா கிழவனையும் ஒன்றாகத் தட்டினோம்.

புதியது பாய்ந்தது. கிழவன் முதல் படத்தைத் தொடங்க முன்பே புதியதன் பச்சைக் கோடு கண்ணுக்குத் தெரிய நீண்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்தேன். அன்ரி தொலைபேசியைப் புதியதன் பக்கம் திருப்பினார். அம்மா, வருத்தத்தோடு என்றுதான் எனக்குப் பட்டது, தேத்தண்ணி ஊற்றினார்.

பிறகு பச்சைக் கோடு நின்றது. முழுவதும் நிற்கவில்லை, நொண்டி நத்தை என்று ஏதும் இருந்தால் அந்த வேகத்தில் நகர்ந்தது. விசிறிகள் ஊளையிடத் தொடங்கின.

“என்னடி, பிளேன் எழும்பப் போகுதோ?” என்றான் அண்ணா.

“அது வேகமா வேலை செய்யிற சத்தம்.”

“வேலையைக் காணேல்லையே. சத்தம் மட்டும்தானே கேக்குது.”

அன்ரி கோப்பையைத் தூக்கினார். குடித்தார். கீழே வைத்தார். ஒவ்வொரு அசைவையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பதறவில்லை. பதற்றம் வந்தால் காரணங்களை நிரைப்படுத்துவேன். சார்ஜர் செருகியிருக்கிறதா? இருக்கிறது. முழு வேக நிலையில் இருக்கிறதா? இருக்கிறது. தனிக் கார்ட்தான் வேலை செய்கிறதா? ஆம். பின்னணியில் அப்டேட் ஏதும் இறங்குகிறதா? இல்லை. ஒவ்வொன்றையும் சத்தமாக, வகுப்பெடுப்பது போலச் சொல்லிச் சொல்லிச் சரிபார்த்தேன். கடைசியாக வெப்பநிலையைப் பார்த்தேன். தேத்தண்ணி ஊற்றலாம் என்ற அளவில் இருந்தது.

“சூடுதான் பிரச்சினை. மன்னார் வெயில் அப்பிடி” என்று அறிவித்தேன்.

“கிழவனும் மன்னாரிலதானே இருக்கிறான்?” என்றான் அண்ணா.

மேசை விசிறியைக் கொண்டுவரச் சொல்லிப் புதியதன் முகத்துக்கு நேரே பிடித்தேன். அன்ரியின் சேலைத் தலைப்பு பறந்தது. பச்சைக் கோடு அசையவில்லை.

“மீனெண்டா ஐஸ் போடலாம்” என்றார் அன்ரி, உண்மையான இரக்கத்தோடு.

“பெட்டிக்குள்ள கிடக்கு. எடுத்துக்கொண்டு வரட்டோ?” என்று அண்ணா எழும்பினான்.

“ஒருத்தரும் ஒண்டும் கொண்டு வரத் தேவையில்லை!” என்றேன். அமைதியாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு நாய் ஏன் குரைத்தது என்று தெரியாது.

தொலைபேசிக்குள்ளிருந்து மகன் கேட்டான்: “அம்மா, இதில எது புதுசு?”

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முன்பே புதியது தானாகவே அணைந்தது. கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். மேசையின் மறுபக்கத்தில் கிழவன், பால்மாப் பேணியில் சாய்ந்தபடி, ஒவ்வொரு படமாகத் தீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது தேத்தண்ணியும் முடிகிற நேரத்தில் படலை திறந்தது, விறாந்தை வந்தது, குசினி யன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. அன்ரி கைதட்டினார். கனடாவும் கைதட்டியது. அண்ணா கிழவனின் மூடியைத் தடவி, “என்ர ராசா” என்றான்.

நான் புதியதை உள்ளே கொண்டுபோவதற்காக இரண்டு கைகளாலும் தூக்கினேன். கை ஒட்டிக்கொண்டது.

பிரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் தடித்த பொலித்தீன். மூலைகள் அளவெடுத்து வெட்டப்பட்டு, ஓரங்கள் ஒட்டுநாடாவால் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் மூடப்பட்டிருந்தன. காற்றை உள்ளே இழுக்கும் துவாரங்கள் அத்தனையும் அதற்குக் கீழே. சூட்டில் ஒட்டுநாடாவின் பசை இளகி ஒழுகிக்கொண்டிருந்தது.

“அப்பா!”

முற்றத்தில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அப்பா பெருமையாக உள்ளே வந்தார்.

“கண்டுட்டியோ? நீ பாட்டுக்குப் போன நேரம் சுத்தினனான். சும்மா இல்லை பிள்ளை, ரெண்டு மடிப்பு.”

“ஏன் அப்பா?”

“அடியில ஓட்டை ஓட்டையா இருந்துது. இவ்வளவு காசும் வாங்கிப்போட்டு அடியை மூடாமல் விட்டிருக்கிறாங்கள். உப்புக்காத்தும் மண்ணும் அதுக்காலதானே போகும்?”

அப்பாவின் தொலைபேசி, படகில் திசை காட்டும் கருவி, ரோச் லைட், எல்லாம் இப்படிப் பொலித்தீனுக்குள்தான் வாழ்கின்றன. அவற்றில் ஒன்றுகூட இதுவரை கெட்டதில்லை. அவருடைய பக்கத்தில் சான்றுகள் இருந்தன என்பதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டுகிறது.

“அது மூச்சு விடுற ஓட்டை அப்பா!”

“அப்ப அதை முந்தியே சொல்லியிருக்கலாமே. நேற்று அவ்வளவு நேரம் கதைச்சனி, உதைச் சொல்லேல்லை.”

நான் பொலித்தீனைக் கிழித்தேன். பசையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன். அன்ரியை இன்னொரு தரம் இருந்து பார்க்கும்படி கெஞ்சினேன். அவர் குடையை எடுத்துக்கொண்டார்.

“தோத்த ஆக்கள் எல்லாரும் பிறகு ஒரு காரணம் சொல்லுறவைதான் பிள்ளை. நீ கவலைப்படாதை, வேலை உனக்குத்தான். ஆனா ஒண்டு. எனக்கு அந்தப் பழசில செய்து தா.”

கொழும்பு போகவில்லை. ‘மன்னிக்கவும்’ வேலையிலிருந்து தப்பினேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள் நான், விறாந்தையில் கோபத்தோடு மேலும் கீழும் நடந்தேன். அன்று பின்னேரமே இரண்டையும் மறுபடி ஓடவிட்டேன். கிழவன் படலையைத் திறக்க முன்பே புதியது குசினிக்குள் போய் யன்னலையும் திறந்துவிட்டது. அண்ணாவை இழுத்துவந்து காட்டினேன். பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணிக்குப் பின்காவலாளியாக விளையாடியவன் அவன். “விசில் ஊதி ஆக்கள் எல்லாம் வீட்டை போனாப்பிறகு அடிச்ச கோல்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்ரி சொன்னபடி கிழவனில்தான் தொடங்கினேன். குசினி மூன்றாம் முறை இடம் மாறியபோது என் பொறுமை முடிந்தது. முழு வேலையையும் உள்ளறையில் புதியதற்கு மாற்றிவிட்டேன். அதன்பிறகு அன்ரியின் வீடு ஒவ்வொரு கல்லாகப் புதியதில்தான் எழுந்தது. அவர் வருகிற நாட்களில் மட்டும் முடிந்த காட்சியைக் கிழவனில் போட்டுக் காட்டுவேன். அன்ரி பார்த்துவிட்டு, “என்ன கெட்டிக்காரன் பார்” என்பார், கிழவனைப் பார்த்து.

வீடு கட்டி முடிந்து, குடிபூரல் அன்று கோவில் சுவாமி வந்து செபம் சொல்லி வீட்டை மந்திரித்தார். பிறகு அன்ரி எல்லாருக்கும் முன்னால் நன்றி சொன்னார். ஆண்டவருக்கு, மடுமாதாவுக்கு, கனடா மகனுக்கு, மேசனுக்கு, ஓடு வேய்ந்தவர்களுக்கு. கொஞ்சம் நிறுத்தி, “பிறகு அந்தப் பழைய லப்டொப்புக்கும்” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணா எழும்பி நின்று தட்டினான். அப்பா என் காதுக்குள், “பாத்தியோ, அது மூடாமலே நிண்டு பிடிச்சிருக்கு” என்றார்.

எங்கள் வீட்டில் இப்போது எனக்கு எந்த முறைப்பாடும் சொல்ல உரிமை கிடையாது. இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்றால், “பிரட்டிப் பாத்தியோ?” சோறு குழைந்துவிட்டது என்றால், “பிரட்டிப் பாத்தியோ?” அண்மையில் ஒரு பொறியியலாளர் மாப்பிள்ளையின் படம் வந்தது. படிப்பு, உத்தியோகம், உயரம் எல்லாம் நிரையாக எழுதியிருந்ததை நான் ஆர்வமாக வாசித்துக்கொண்டிருக்க, அம்மாகூடப் படத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார்.

போன கிழமை தலைமன்னாரிலிருந்து ஓர் அண்ணை வீட்டுப் படத்தோடு வந்தார். முன்னறையில் இருத்தி, புதியதைத் திறந்து, அவருடைய காணியையே திரையில் சுழற்றிக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“பிள்ளை, இது நல்லாத்தான் கிடக்கு. ஆனா நான் பேசாலையில விசாரிச்சுத்தான் வந்தனான். மற்றது இருக்குதாமே?”

புரோசசர், உள்ளகம், மடங்கு என்று வாயைத் திறந்தேன். அவர் பணிவாகக் காத்திருந்தார். நான் எழும்பிப் போய் அண்ணாவின் அறையிலிருந்து கிழவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.