தார்ப்பாய்க் குளம்

மழை பெய்தால் கூரை ஒழுகும் என்பது விஞ்ஞானம். ஒழுகினால் தார்ப்பாய் போடுவது மனித உரிமை. எங்கள் தெருத் தையல்காரர் மேற்படி உரிமையைப் பயன்படுத்தி, தன் வீட்டுக் கூரைமேல் நீலத் தார்ப்பாய் ஒன்றை விரித்தார்.

அந்தச் சமயம் பார்த்து, பொதுநலன் கருதி, நகர அலுவலகம் இணைய வரைபடம் ஒன்றை வெளியிட்டது. வானத்திலிருந்து செயற்கைக்கோள் படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து வரையும். நீலமாக இருப்பதெல்லாம் தண்ணீர் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விளைவு: தையல்காரர் வீடு "பெயரற்ற குளம்" ஆயிற்று. குளத்தை ஆக்கிரமித்துக் குடியிருக்கும் நபரைத் திங்கட்கிழமை அப்புறப்படுத்தி, கட்டடத்தை இடிப்பதாக நோட்டீஸும் வந்துவிட்டது.

இந்த வட்டாரத்தில் நான் இல்லாமல் எந்தப் போராட்டம் நடந்திருக்கிறது? தையல்காரரை அழைத்துக்கொண்டு வரைபட அதிகாரியிடம் போனேன்.

"சார், அது குளம் இல்ல, என் வீடு. ஒரு நடை வந்து பாருங்க" என்றார் தையல்காரர்.

"வந்து பாக்குற வேலையே இருக்கக் கூடாதுன்னுதானேய்யா வரைபடம் போட்டிருக்கோம்?"

"பொண்டாட்டி பிள்ளையோட அங்கதான் சார் குடியிருக்கேன்!"

"குளத்துக்குள்ள குடியிருக்கறதை அவரே ஒத்துக்கறாரு. குறிச்சுக்கப்பா" என்று எழுத்தரிடம் சொன்னார் அதிகாரி.

"தார்ப்பாயை எடுத்துடறேன் சார்."

"குளத்தைத் தூர்க்கறது அதைவிடப் பெரிய குற்றம்."

வீட்டுக்கு வந்தால் தையல்காரர் மனைவி பிடித்துக்கொண்டார். "நீலம் வேணாம், பழுப்பு வாங்குங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா இந்த மனுஷன்?"

திங்கட்கிழமை எங்கள் போராட்டக் குழு தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. வரைபட அதிகாரியோடு இடிக்கும் வண்டி வந்தது. எங்களை லட்சியமே செய்யாமல் வீட்டுக்கு நேர் எதிரே வந்து நின்றது.

"ஏன்யா நிறுத்திட்டே? இடி!" என்றார் அதிகாரி.

ஓட்டுநர் போனை நீட்டினார். "முன்னாடி குளம்னு காட்டுது சார். வண்டி முங்கிட்டா யாரு பதில் சொல்றது?"

அதிகாரி வீட்டைப் பார்த்தார். கழுத்தில் டேப்போடு வாசலில் நின்ற தையல்காரரைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார், அதை நம்பினார்.

"ஆழம் எவ்வளவுன்னு போடலியே" என்று முணுமுணுத்தார். ஆழம் உரிய முறையில் கண்டறியப்படும்வரை இடிப்பு ஒத்திவைக்கப்பட்டது. வண்டி வந்த வழியே பின்னோக்கி நகர்ந்து போயிற்று.

வெற்றி எங்களுடையது என்று அறிவித்து, நான் வெகுநேரம் பேசினேன். கண்ணைக் கழற்றிப் போனுக்குள் வைத்துவிட்ட அதிகார வர்க்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டேன். கைதட்டல் ஓயவில்லை.

"எல்லாரும் உள்ள வாங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டார் தையல்காரர் மனைவி.

தோழர்கள் வாசல்வரை போனார்கள். ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். அடுத்தவர் எட்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார்கள்.

"என்னண்ணே இது கூத்து?" என்றார் அந்த அம்மா.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்றேன், என் பேன்ட்டையும் சுருட்டிக்கொண்டே.