பதினாலாம் அறைக்கு ஐந்து தலைமுறைச் சான்று

எங்கள் மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு கவுண்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், ஒரு வரலாற்று அலுவலர் இருந்தே தீர வேண்டும். வரலாறு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அலுவலர் இருந்தால் போதும். டெல்ஃபோர்ட் கவுண்டியின் துணை வரலாற்று அலுவலர் அடியேன், ஹார்லன் புரூயிட். அப்படியானால் அலுவலர் யார் என்று கேட்காதீர்கள். அந்தப் பதவி பதினொரு வருஷமாகக் காலி. அந்தக் காலியிடத்துக்குத்தான் நான் துணையாக இருக்கிறேன்.

கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்தில் என் அறை. கவுண்டி ஏழைகள் விடுதியின் பதிவேடுகள் முப்பத்தொரு தொகுதிகள் என் பாதுகாப்பில் இருக்கின்றன. 1829 முதல் குன்றின் மேலுள்ள அந்தச் செங்கல் கட்டடத்துக்குள் யார் வந்தார், எத்தனை நாள் இருந்தார், செத்தாரா, சொல்லாமல் ஓடினாரா என்பதெல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கும். ‘வறுமைக்குக் காரணம்’ என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. அதில் குடி, சோம்பல், முதுமை, கணவன் கைவிட்டது, இடி விழுந்தது என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். கவுண்டியே காரணம் என்று எழுதிய பதிவு ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் படவில்லை.

முன்பெல்லாம் இந்தப் பதிவேடுகளைத் தேடி யாராவது வந்தால் அது ஒழித்துக்கட்டத்தான். எங்கள் ஊர்ப் பெரிய மனுஷி மிஸஸ் லோரெயின் வான் டெர்வீர் இருபது வருஷத்துக்கு முன்னால் படியிறங்கி வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“மிஸ்டர் புரூயிட், இங்க எலித்தொல்லை உண்டா?”

“இல்லை மேடம்.”

“அடடா. இருந்தா ஒன்பதாம் தொகுதி, நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தைக் கடிச்சிருக்குமேன்னு கேட்டேன்.”

அந்தப் பக்கத்தில் அவர் கணவரின் கொள்ளுத்தாத்தா எசக்கியேல் மூன்று வருஷம் விடுதிச் சோறு சாப்பிட்ட விவரம் இருந்தது. காரணம்: குடி. மிஸஸ் வான் டெர்வீர் என்னிடம் வந்த அதே ஆண்டுதான் கையெழுத்து இயக்கம் நடத்தி, ஏழைவிடுதிச் சாலை என்ற பெயரை எழில்முகடு சாலை என்று மாற்ற வைத்தார். அந்தத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு காலம் மாறியது. பெரிய இடத்துக்காரர்கள் எல்லோரும் இந்த நாட்டுக்கு முதல் குடியேறிகளைக் கொண்டுவந்த பழைய கப்பலில் வந்து இறங்கியவர்களின் வம்சம் என்று சான்றிதழ் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அத்தனை பேருடைய முன்னோரும் ஏறியிருந்தால் அந்தக் கப்பல் துறைமுகத்திலேயே மூழ்கியிருக்கும். ஆகவே அதில் மவுசு போய்விட்டது. நகரத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில், “ராஜா வம்சம் எல்லார்கிட்டயும் இருக்கு ஆன்ட்டி, பிச்சைக்கார வம்சம் இருக்கா உங்ககிட்ட?” என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மிஸஸ் வான் டெர்வீர் அடுத்த திங்கட்கிழமையே என் அறையில் இருந்தார்.

“நூத்திப் பன்னிரண்டாம் பக்கம் பத்திரமா இருக்கா?”

“இருக்கு மேடம். எலி எதுவும் கடிக்கலை.”

“எலியா! ஐயையோ, இங்க எலி இருக்கா? பொறி வைங்க மிஸ்டர் புரூயிட், உடனே வைங்க!”

இவ்வாறாக டெல்ஃபோர்ட் ஏழைவிடுதி வழித்தோன்றல்கள் பேரவை உதயமாயிற்று. உறுப்பினராக வேண்டுமென்றால் தலைமுறைக்குத் தலைமுறை பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளும், பதிவேட்டில் இடம்பெற்றதற்கு என் முத்திரையும் வேண்டும். முன்னோர் ஒரு வருஷம் இருந்திருந்தால் செம்புப் பதக்கம், ஐந்து வருஷம் என்றால் வெள்ளி, அங்கேயே செத்திருந்தால் தங்கம். வறுமைக்கான காரணத்திலும் அந்தஸ்து உண்டு. குடிக்கு முதல் வரிசை, சோம்பலுக்கு இரண்டாவது. இடி விழுந்தவர்களை யாரும் அவ்வளவாக மதிக்கவில்லை. அது வெறும் விபத்து என்றார்கள். சாலைக்குப் பழைய பெயரே வேண்டும் என்று புதிய மனு வந்தது. பழைய மனுவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே கையெழுத்துகள்தான்.

பல் டாக்டர் ஆப்பிள்கேட்டின் நிலைமைதான் பரிதாபம். அவருடைய முன்னோர் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு ராத்திரி விடுதியில் தங்கினார், அவ்வளவுதான். பதக்கம் இல்லாத துணை உறுப்பினர் பதவிதான் கிடைத்தது. “இன்னும் ஒரு வருஷம் இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? அப்படி என்ன அவசரம்?” என்று என் மேஜையில் தலை சாய்த்து அழுதார்.

பேரவை இருந்தால் அதற்கு ஒரு கட்டடம் வேண்டாமா? ஏழைகள் விடுதியே வேண்டும் என்றார்கள். அதில் ஒரு சிறு சிக்கல் இருந்தது. அந்த விடுதியின் கிழக்குப் பகுதியில் பதினோரு ஏழைகள் இன்னமும் குடியிருந்தார்கள்.

கவுண்டி வக்கீல் கிம்பல் பழைய தானப் பத்திரத்தை எடுத்துப் படித்தார். ‘இக்கவுண்டியின் ஏழைகளுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் என்றென்றும்’ என்று அதில் இருந்தது. “வழித்தோன்றல்கள்கிட்ட முத்திரை போட்ட சான்று இருக்கு. கிழக்குப் பக்கம் இருக்கறவங்க ஏழைங்கதான்கறதுக்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டார். முப்பது நாளில் அத்தாட்சி காட்ட வேண்டும், இல்லையேல் காலி செய்ய வேண்டும் என்று கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

அந்த நோட்டீஸோடு ஓடிஸ் பர்டிக் என் அறைக்கு வந்தார். அறுபத்தெட்டு வயது. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார்.

“சார், நான் ஏழைன்னு ஒரு பேப்பர் வேணும்.”

“எதை வெச்சு ஏழைங்கறீங்க?”

“என்னைய வெச்சுத்தான். இதோ நிக்கிறேனே.”

“ஆள் நேர்ல நிக்கறது அத்தாட்சி ஆகாது மிஸ்டர் பர்டிக்.”

“சீஸ் ஃபேக்டரிய மூடிட்டாங்க. வீடு போச்சு, அப்புறம் காலும் போச்சு. ஒன்பது வருஷமா பதினாலாம் அறையில இருக்கேன். சாகற வரைக்கும் அங்கேயே இருந்துட்டாப் போதும். வேற ஒண்ணும் கேக்கலை.”

“இப்ப ஏழையா இருக்கறது நடப்பு விவகாரம். என் துறை வரலாறு. உங்க முன்னோர்ல யாராவது ஏழையா இருந்தாங்களா?”

“வேற என்னவா இருந்தாங்கன்னு கேளுங்க சார். பதில் சொல்ல அதுதான் சுலபம்.”

அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் அப்பாவின் ராணுவ விடுவிப்புச் சீட்டு, நாலைந்து சாவுக் கார்டுகள், குடும்ப பைபிளிலிருந்து கழன்ற, பிறந்த தேதிகள் எழுதிய ஒரு தாள். எட்டு நாள் உட்கார்ந்தோம். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விடுதிப் பக்கத்தைப் பிரித்தால் முதலில் கண்காணிப்பாளர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், சமையற்காரி, அப்புறம் வரிசையாக ஏழைகள். பதினேழாம் வரியில் மெஹிட்டபெல் பர்டிக், வயது 31. அவள் மகன் ஏமஸ் பிறந்ததே அங்கேதான்; முதுகு ஒடிந்து 1911-இல் அங்கேயே திரும்பிவந்து செத்தான். அவன் மகன் லீலண்ட் 1934-இல் வந்தான். லீலண்டின் மகன் ராய், அதாவது ஓடிஸின் அப்பா, ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தார். ஓடிஸையும் சேர்த்தால் ஐந்து தலைமுறை. கடைசி நான்கு பேருக்கும் பதினாலாம் அறை!

எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததே இல்லை.

“ஓடிஸ்! நீங்க யாரு தெரியுமா? இந்தக் கவுண்டியிலேயே உங்களை மாதிரி ஒரு வம்சம் கிடையாது!”

“அப்ப அறை தங்குமா சார்?”

“அறையா? இந்தச் சான்றுக்கு மொத்தக் கட்டடத்தையே தரலாமே!” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

பேரவையின் ஆண்டு விருந்துக்கு அவரை அழைத்துப் போனேன். நகரத்துத் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சாக்கு உடையில் எல்லோரும் ஜொலித்தார்கள். தகரக் கிண்ணத்தில் கூழும், அது இறங்குவதற்குப் பிரெஞ்சு ஒயினும் பரிமாறினார்கள். ஓடிஸ் தன்னிடமிருந்த ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உடை விதிக்குப் புறம்பாக மிடுக்காக இருக்கிறார் என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். டாக்டர் ஆப்பிள்கேட் தன் இரண்டாவது கந்தலை இரவல் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

நான் சான்றை வாசித்தேன். ஐந்து தலைமுறை என்றதும் கரண்டிகள் அப்படியே நின்றன. மிஸஸ் வான் டெர்வீர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க எசக்கியேல் வெறும் மூணு வருஷம்தான். உங்க முன்னால நாங்கல்லாம் பணக்காரங்க” என்று தங்கப் பதக்கத்தைக் குத்திவிட்டார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

ஓடிஸ் மைக்கைப் பிடித்தார். “ரொம்ப நன்றிங்க. அந்த அறையில நான் தொடர்ந்து இருந்துக்கறேன்னு சொன்னாப் போதும்.”

எவ்வளவு உருக்கமான பேச்சு என்று மறுபடியும் கைதட்டினார்கள்.

மறுநாள் கிம்பலிடம் போனோம். அவர் கணினியைத் தட்டிப் பார்த்தார். “மிஸ்டர் பர்டிக், நீங்க இப்ப வழித்தோன்றல் பட்டியல்ல இருக்கீங்க. ஒருத்தர் பேர் ஒரு பட்டியல்லதான் இருக்க முடியும். வழித்தோன்றலுக்குக் கூட்டத்துக்கு வர உரிமை உண்டு, செய்தி மடல் உண்டு. குடியிருப்பு கிடையாது.”

“அப்ப என்னை ஏழைப் பட்டியல்ல போட்டுருங்க.”

“தங்கப் பதக்கம் வெச்சிருக்கறவரை ஏழைன்னு எப்படிப் போடறது? நாளைக்கு ஆடிட் வந்தா என் கழுத்தைப் பிடிப்பாங்க.”

“இந்தாங்க, பதக்கத்தை நீங்களே வெச்சுக்குங்க.”

“லஞ்சமா?” என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார் கிம்பல்.

மிஸஸ் வான் டெர்வீர் பெரிய மனசு பண்ணி ஒரு வழி கண்டார். கட்டடம் பாரம்பரிய மையமாகும். பதினாலாம் அறையில் ஓடிஸ் காலை பத்து முதல் மாலை நான்கு வரை உயிருள்ள காட்சிப் பொருளாக உட்காரலாம். நான்கு மணிக்கு மேல் எங்கே போவது என்று ஓடிஸ் கேட்டார். அது மையத்தின் வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது.

அந்த ஏற்பாடும் மூன்று வாரம்தான் ஓடியது. பார்வையாளர்கள் புகார் எழுதினார்கள். ஏழை சிரிக்கிறார், குறுக்கெழுத்துப் போடுகிறார், ரேடியோவில் பேஸ்பால் கேட்கிறார், நாம் ஏதாவது கேட்டால் நம் நலம் விசாரிக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். ‘நம்பகத்தன்மை இல்லை’ என்று குழு முடிவு செய்தது. அவர் இடத்தில் டாக்டர் ஆப்பிள்கேட் அமர்த்தப்பட்டார். டாக்டரின் இருமலைக் கேட்டவர்கள் இரண்டு நாள் தூங்கவில்லையாம்.

பதினோரு பேரையும் பக்கத்துக் கவுண்டியில் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லை தாண்டிப் போய்விட்டதால் அவர்கள் இனி ‘இக்கவுண்டியின் ஏழைகள்’ அல்லர் என்று கிம்பல் கோப்பை மூடினார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கடுமையான கண்டனக் குறிப்பு ஒன்று எழுதி, என் மேலதிகாரியான காலியிடத்துக்கு அனுப்பிவைத்தேன்.

கிழக்குப் பகுதி காலியானதும் பேரவை அங்கே ‘வறுமை வார இறுதி’ தொடங்கியது. இரண்டு ராத்திரி, வைக்கோல் மெத்தை, கூழ். அதற்கு அப்படி ஒரு கூட்டம் வந்தது. முன்பதிவுப் பட்டியலைப் பராமரிக்கும் கூடுதல் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது.

செப்டம்பர் கடைசியில் ஓடிஸ் இரண்டு பஸ் மாறி வந்தார். பதக்கம் குத்தியிருந்தார்.

“உறுப்பினர்னா தங்கலாமாமே சார். பதினாலாம் அறையில ரெண்டு ராத்திரி கிடைக்குமா?”

எழுதிக்கொண்டேன். “நூத்திப் பதினெட்டாவது ஆள் நீங்க. அடுத்த வருஷக் கடைசியில வரும்.”

“எனக்கு முன்னால யாரு?” என்று கேட்டபடி பட்டியலின் பக்கம் குனிந்தார். நான் கையை வைத்து மறைப்பதற்குள் மேலிருந்து ஒன்பதாவது வரியைப் படித்துவிட்டார். அக்டோபர் இரண்டாம் வாரம், அறை எண் 14, ஹார்லன் புரூயிட் தம்பதி, அதிகாரிகள் ஒதுக்கீடு.

மலையெல்லாம் இலை சிவக்கிற சமயம், என் மனைவி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று என்னென்னவோ உளறினேன். ஓடிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

“சுவர்ப் பக்கமாப் படுத்துக்குங்க சார். கட்டில் நடுவுல கம்பி குத்தும்.”