நூலகர் முத்துச்செல்விக்குக் கொடுத்த மெமோ பற்றி

மதிப்பிற்குரிய நூலக ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு, வாசகர் சோணைமுத்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. கும்பிடு என்னுடையது, எழுத்து இங்கே குரூப் நாலு பரீட்சைக்குப் படிக்கவரும் ஜெஸியுடையது. தாங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஐயா, போன வாரம் தாங்கள் சோதனைக்கு வந்தபோது, சட்டப் புத்தகங்களுக்கு நடுவே சமையல் புத்தகம் இருந்ததற்காக எங்கள் நூலகர் முத்துச்செல்விக்கு மெமோ கொடுத்தீர்கள். அடுக்கியவன் நான். மாசியில் அந்தப் பிள்ளை மூன்று நாள் நிர்வாகப் பயிற்சிக்குப் போய்வந்தது. நல்ல தலைவர் எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்யாமல் வேலையைப் பகிர்ந்து கொடுக்கவேண்டும் என்றார்களாம். வந்ததும், "பெரியப்பா, நீங்கதான் தெனமும் வாரீங்க, திரும்பி வர்ற புத்தகத்த நீங்க அடுக்குங்க" என்றது. மூன்று வருஷமாகப் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், எழுத்துத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் எந்த அட்டையை யார் எடுத்துப்போனார் என்பது எனக்கு மறக்காது, அதனால் ஆளுக்கு ஓரிடமாக அடுக்கினேன். வக்கீல் குமாஸ்தா ஞானசீலன் சட்டமும் எடுப்பார், சமையலும் எடுப்பார், அவர் வீட்டு அடுப்படி அவர் பொறுப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்கு முந்தின நாள் நீல அட்டைப் புத்தகம் எடுத்த முத்திருளனை ஷேர் ஆட்டோவிலேயே மடக்கி, "மாப்ள, மாட்டையெல்லாம் அவுத்துவிட்டு நாலு மாசமாச்சு, புத்தகத்த எப்பப்பா அவுத்துவிடுவ" என்று கேட்டேன், மறுநாளே வந்துவிட்டது.

மெமோ வந்த அன்று எழுத்துத் தெரியாததை முத்துச்செல்வியிடம் ஒப்புக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "வேலையக் குடுத்தேன், அது உங்களுக்கு வருமான்னு கேக்கலையே பெரியப்பா. தப்பு என்னோடது, பதில்ல உங்க பேரு வராது" என்றது. செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் எத்தனையோ மேஸ்திரிகளைப் பார்த்துவிட்டேன் ஐயா, தப்பு எப்போதும் கீழேதான் வந்து சேரும். எனக்காக ஏச்சு வாங்கிக்கொண்ட முதல் ஆபீசர் இந்தப் பிள்ளைதான். இப்போது நம்பர் பார்த்து அடுக்குவது ஜெஸி. வராத புத்தகத்தைத் தேடிப்போவது நான். இந்த மாற்றமும் முத்துச்செல்வி செய்ததே. அந்த மெமோவைத் தயவுசெய்து ரத்து செய்யுங்கள்.

தங்கள் பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், தாங்கள் இன்னும் பெரிய நாற்காலியில் உட்காரவேண்டும்.

இப்படிக்கு,
சோணைமுத்து, இடது பெருவிரல் ரேகை

பின்குறிப்பு: போன ஐப்பசியில் ஒரு மழைநாள், முத்துச்செல்வி டீ சொல்லப் போயிருந்தபோது, மூலையில் எண்ணெய்க்கறை படிந்த பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றைத் தாங்கள் பையில் வைத்துக்கொண்டீர்கள். நிர்வாகம் பற்றி இங்கே இருந்த ஒரே புத்தகம் அதுதானாம், பதிவேட்டைப் பார்த்து ஜெஸி சொல்கிறது. வேறு யாருக்கும் நான் சொல்லவில்லை. மெமோ ரத்தான கடிதத்தோடு புத்தகத்தையும் சேர்த்தே அனுப்பினால் போதும்.