பந்து உதைக்கப்பட்டது

பந்தை உதைக்க வேண்டிய பையன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

"உதைடா கண்ணா. மெதுவா, ஒரே ஒரு உதை," என்று கெஞ்சினாள் ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சர்.

"பந்துக்கு வலிக்குமாம் டீச்சர். 'ஏன்' சொன்னா."

'ஏன்' என்பது முன் பெஞ்சுச் சிறுமி. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பவளுக்கு வகுப்பு வைத்த பெயர் அது. ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ் பாடம் தொடங்கிய அன்றைக்கு டீச்சர் பந்தை உதைத்துக் காட்டியபோது, "உதைச்சவங்கள விட்டுட்டு பந்தை ஏன் டீச்சர் முதல்ல சொல்லணும்?" என்று கேட்டாள். "உதை வாங்கினவங்களுக்குத்தானே வலி? அதான் அவங்கள முதல்ல சொல்றோம்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள் டீச்சர். அன்று விதைத்தது இன்று முளைத்து நின்றது.

இடைவேளை முடிந்ததும் அதிகாரி வருகிறார். பாடத்தைப் பார்த்து அவர் திருப்திப்பட்டால் டீச்சரின் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் இந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள். தற்காலிகம் என்ற சொல்லோடு ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். வீட்டில் அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் செய்திக்காகக் காத்திருந்தாள்.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தாள்.

"இந்த அழுமூஞ்சிய ஸ்டோர் ரூம்ல உட்கார வைங்க. அதிகாரி வர்றப்பல்லாம் செய்யறதுதானே?"

ஸ்டோர் ரூம் வகுப்பின் மூலையிலேயே இருந்தது. கிழிந்த தேசப்படங்களும் ஸ்கிப்பிங் கயிறுகளும் கிடக்கும் சின்ன அறை. அழுமூஞ்சி உள்ளே போனான். தனியாக இருக்கப் பயந்து இன்னும் உரக்க அழுதான். துணைக்கு முன் பெஞ்சுத் தூங்குமூஞ்சி 'கொட்டாவி'யை அனுப்பினாள் டீச்சர். அவன் போன வேகத்தில் தூங்கிவிட்டான். தூங்குகிறவனைப் பார்த்து இவன் அழுகை ஊரைக் கூட்டியது. கதை சொல்லி அடக்குவதற்கு 'ஏன்' போனாள்.

அழுகை நின்றது. கதவு திறந்தது.

"நாங்க ஏன் டீச்சர் இங்க இருக்கோம்?"

"அது ஒரு விளையாட்டும்மா."

"அப்ப ஜெயிச்சது யாரு?"

டீச்சர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். 'சீ, நீயும் ஒரு டீச்சரா?' என்று மனசு கேட்டது. அவளுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"முன் பெஞ்சு பல்லு போன வாய் மாதிரி இருக்கே," என்றாள் தலைமையாசிரியை. பக்கத்து வகுப்பிலிருந்து மூன்று கெட்டிக்காரர்கள் இரவல் வந்தார்கள். உள்ளே இருப்பவர்களின் எண்ணைக் கூப்பிட்டால் 'பிரசன்ட்' சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

அதிகாரி வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்த அடையாளமே இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "முதல்ல அட்டெண்டன்ஸ் எடுங்க," என்றார்.

"பன்னிரண்டு."

"பிரசன்ட்," என்றான் இரவல் பையன்.

"பிரசன்ட்…" என்று ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு கொட்டாவி நீண்டது. இடி விழுந்தாலும் எழாதவன், தன் எண்ணுக்கு மட்டும் தவறாமல் விழிப்பான்.

அதிகாரி கதவைப் பார்த்தார்.

"எதிரொலி சார்," என்றாள் தலைமையாசிரியை. "கட்டடம் பழசு."

டீச்சர் அவசரமாகப் பந்தை எடுத்து வைத்தாள். இரவல் பையன் காலைத் தூக்கினான். கால் பந்தைத் தொடும் முன்பே வகுப்பு மொத்தமும், "தி பால் இஸ் கிக்ட் பை தி பாய்!" என்று முழங்கியது.

"உதைக்கறதுக்கு முன்னாடியே உதை வாங்கிடுச்சே," என்றார் அதிகாரி. "எல்லாம் மனப்பாடம். இதுக்கு டீச்சர் எதுக்கும்மா?"

டீச்சர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இல்ல சார், பசங்களுக்குப் புரிஞ்சிருக்கு."

"அப்படியா? தனக்கு நடந்த ஒரு விஷயத்தை, சொந்தமா, பேசிவ் வாய்ஸ்ல ஒரு பிள்ளை சொல்லட்டும். ஒரே ஒரு பிள்ளை போதும். உங்களுக்கு வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிட்டுப் போறேன்."

கெட்டிக்காரர்கள் மூவரும் தங்கள் காலணிகளை ஆராய்ந்தார்கள். அதிகாரி பேனாவை மூடினார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். கடவுளே, யாராவது ஒரு பிள்ளை வாயைத் திறக்கட்டும். எதையாவது சொல்லட்டும். அம்மாவிடம் போய் நான் என்ன சொல்வேன்?

அப்போது ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னாலிருந்து 'ஏன்' கணீரென்று, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள்:

"வீ ஆர் லாக்ட் இன் பை அவர் டீச்சர்!"