நாற்பத்தோரு முதலாளிகளும் ஒரு வாடிக்கையாளரும்

பேரன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

நெதர்கோட்டிலிருந்து உன் தம்பி அம்ப்ரோஸ் எழுதிக்கொள்வது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. உன் நலமும் உன் பூனையின் நலமும் அறிய ஆவல்.

எங்கள் ஊர் பப் 'மூன்று வாத்து' மூடப்போகிறது என்றதும் ஊரில் நாற்பத்தோரு பேர் பங்கு போட்டு வாங்கினோம் இல்லையா? யார் நடத்துவது என்று பேசிய கூட்டத்துக்கு முழங்கால் வலியால் நான் போகவில்லை. போகாத என்னையே மேலாளராக்கிவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. யார் வந்தாலும் நேரே கவுண்டருக்குப் பின்னால் போய்த் தாங்களே பீர் பிடித்துக்கொள்வார்கள், கேட்டால் "என் கடைய்யா இது" என்பார்கள். பச்சை அடித்த சுவர் காய்வதற்குள் இன்னொரு முதலாளி வெள்ளை அடித்தார். வெங்காயத்தாள் சூப்பில் உப்பு குறைவென்று மேபல் ஓக்லி ஒரு பிடி போட, அவள் போட்டது தெரியாமல் பாதிரியார் ஒரு பிடி போட, சமையல்காரன் ரூபர்ட் ஏப்ரனைக் கழற்றிச் சூப்புப் பானைக்குள்ளேயே எறிந்துவிட்டுப் போய்விட்டான்.

போன வியாழன் மதியம் உரிமம் பார்க்கும் அதிகாரி அம்மாள் வந்தார். கவுண்டருக்குப் பின்னால் பதினொரு பேர்.

"இங்க முதலாளி யாரு?"

பதினொரு கையும் உயர்ந்தது.

"அப்ப வாடிக்கையாளர்?"

கணப்படுப்பு ஓரத்திலிருந்து யூஸ்டஸ் பார்டோ, "நான் ஒருத்தன்தான் தாயி. இவங்கள நம்பி எவன் பங்கு வாங்குவான்? அரை மணி நேரமா ஒரு பீர் கேக்குறேன்" என்றார்.

அம்மாள் சிரிக்கவில்லை. "கவுண்டருக்குப் பின்னாடி பொறுப்பா ஒரே ஆள்தான் நிக்கணும். ரெண்டு வாரத்துல சரியாகலேன்னா உரிமம் கிடையாது."

மூடினால் லண்டன்காரர் எவராவது வாங்கி விடுமுறை வீடாக்கிவிடுவார். அப்புறம் நாலு மனுஷ முகம் பார்க்க ஏழு மைல் போகணும், பஸ்ஸும் கிடையாது. அதனால் கெஞ்சினேன். "தயவு பண்ணி எல்லாரும் முன்பக்கம் வாங்க."

"நீ போயேன்," என்றாள் மேபல்.

போய்விட்டேன், அக்கா. வேலையையும் விட்டேன், பங்கையும் திருப்பிக் கொடுத்தேன். சனிக்கிழமை மதிய ரயிலில் உன்னிடமே வந்துவிடுகிறேன். எனக்கு ஒரு கட்டில் போதும். பீர் என்ற சொல்லை இனி என் வாயால் சொல்லமாட்டேன்.

உனக்கு மூட்டுவலி இல்லாத குளிர்காலமும் பூனைக்குக் குறைவில்லாத மீனும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன தம்பி
அம்ப்ரோஸ் டிப்டன்

பி.கு.: கட்டிலை மடித்து வைத்துவிடு. இதைத் தபாலில் போடப் போகிற வழியில் பப்பை எட்டிப் பார்த்தேன். கவுண்டருக்குப் பின்னால் யூஸ்டஸ், ஒரே ஆள்! நான் போனபின் யார் பெயரைச் சொன்னாலும் பத்துப் பேர் எதிர்த்தார்களாம். எந்த முதலாளிக்கும் எதிரியில்லாத ஒரே மனிதர் பங்கே வாங்காத இவர்தான். பாதிரியாரிலிருந்து மேபல் வரை எல்லாரும் முன்பக்கம் பள்ளிப் பிள்ளைகளைப்போல் உட்கார்ந்திருக்கிறார்கள். ரூபர்ட்டும் திரும்பிவிட்டான், சமையலறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் யூஸ்டஸ், "நீதான் இப்ப முதலாளி இல்லியே, உக்காருய்யா. உனக்கு என்ன வேணும்?" என்றார். இந்த ஒரு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, அக்கா. கண் கலங்கிவிட்டது. இரண்டு கிளாஸ் குடித்தேன். நீ வேண்டுமானால் இங்கே வா. பங்கு மட்டும் வாங்கிவிடாதே.