தாடைக்கு ஒரு மேற்பார்வையாளர்

அன்புள்ள மைத்துனருக்கு, உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் நன்றாக மென்று, விழுங்கி, சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே சுகமில்லை.

பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது, சும்மா இருக்க மாட்டாமல் ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்தேன். அன்று பிடித்த சனி. நாம் விழுங்கும்போது மூளைத்தண்டு தானாகவே நரம்புகளுக்கு உத்தரவு போடுகிறதாம்; தசைகள் கீழ்த்தாடையை அசையாமல் பிடித்துக்கொள்ள, நாக்கு கவளத்தைப் பின்னுக்குத் தள்ள, மூச்சு ஒரு கணம் நிற்க, எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுமாம். என்னைக் கேட்காமலா? முப்பத்தாறு வருடம் பாட்டில் நிரப்பும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். அன்று மதியமே தாடையைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்ததுதான் தாமதம், அது நின்றுவிட்டது. நாக்கு தாடையைப் பார்க்கிறது, தாடை தொண்டையைப் பார்க்கிறது, ரொட்டி கன்னத்தில் ஊறிக் கிடக்கிறது. ஒரே மாதத்தில் ஏழு கிலோ போய்விட்டது. மருத்துவர் எல்லாம் சோதித்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை, கவனிக்காமல் சாப்பிடுங்கள் என்றார். கவனிக்காமல் இருக்கிறேனா என்று கவனித்தேன், அதுவும் நடக்கவில்லை. தொழிற்சாலையில் மிஷின் பழுது பார்க்கும் ஃபிட்டர்கூட இதைத்தான் சொல்வார்: "சார், நீங்க பக்கத்துல நிக்காம இருந்தா மிஷின் அதுபாட்டுக்கு ஓடும்."

இதில் உங்கள் அக்கா வேறு. நான் வாயில் கவளத்தை வைத்துக்கொண்டு போராடும்போதுதான் அவளுக்குக் குழாய் ஒழுகுவது, பக்கத்து வீட்டுக்காரி முறைத்தது எல்லாம் ஞாபகம் வரும். சாப்பாட்டு நேரத்தில் பேசக் கூடாது என்று காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முப்பது வருஷமா பேசிக்கிட்டிருந்தவ, நின்னு அதைப் படிச்சா. "உங்க தாடையோடவே குடித்தனம் நடத்துங்க"ன்னு சொல்லிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துட்டா. இப்போ வீடு நல்ல அமைதி. அந்த அமைதியில எச்சில்கூட இறங்க மாட்டேங்குது. பயமா இருக்கு மாப்பிள்ளை, இப்படியே போய்ச் சேர்ந்திடுவேனோன்னு.

ஆனாலும் ஒன்று. அவள் திரும்பி வருவதானால் சாப்பாட்டு மேசையில் வாய் திறக்கக் கூடாது. இதில் மாற்றமில்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். அந்தப் பிரசுரம் அவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உள்ளே ஒன்றும் இறங்காத அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் இருந்த தட்டு காலி. எழுத உட்காரும்போது அதில் ஜாம் தடவிய நான்கு ரொட்டி இருந்தது. வீட்டில் வேறு யாருமில்லை, என் விரலெல்லாம் ஜாம். உங்கள் அக்காவைத் திட்டி எழுதிய பத்தியில்தான் கறை அதிகம், நீங்களே பாருங்கள். ஆகவே மேற்படி நிபந்தனையை அடித்துவிட்டு அவளை உடனே அனுப்பிவைக்கவும். என் கோபம் ஆறுவதற்குள்.